டர்போவுக்கு முன்னால் கிளட்ச்

பிரிட்டிஷ் கொலம்பியாவின் ரெவல்ஸ்டோக் மலைகளில் ஸ்னோமொபைல் இழுக்கத் திணறினால், பலரும் உடனே டர்போவுக்குத்தான் விலை கேட்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை.

ஆயிரம் அடி ஏறினால் இஞ்சின் சுமார் 3 சதவீதம் வலுவிழக்கும். 7,000 அடியில் ஐந்தில் ஒரு பங்கு போயே போச்சு! கீழே சரியாக இருந்த கிளட்ச் எடைகள் மேலே பாரமாகி ஆர்பிஎம்மை அமுக்கிவிடும். அவற்றில் சில கிராம் குறைத்தால், கம்பெனி சொன்ன ஆர்பிஎம் திரும்பக் கிடைக்கும். டர்போவோடு ஒப்பிட்டால் செலவு சொற்பம்.

அதற்கும் முன்னால் பெல்ட்டைப் பாருங்கள். தேய்ந்து பளபளக்கும் பெல்ட்டை வைத்துக்கொண்டு எந்த டியூனிங் செய்தாலும் வீண். கிளட்சில் படிந்த தூசியைத் துடைக்கக் காசே வேண்டாம் (அதைத்தான் யாரும் செய்வதில்லை).

மிச்சமாகும் பணத்தில் பனிச்சரிவு டிரான்ஸீவர், மண்வெட்டி, துழாவுகோல் மூன்றையும் வாங்கிவிடுங்கள். அவை இல்லாமல் மேலே போகாதீர்கள்.