நாலு கம்பியும் ஒரு செருப்புத் துண்டும்

பேஸ் கிட்டார் வாசிக்கிறேன் என்று சொன்னால் வகுப்பில் பாதிப் பேர் கேட்கும் கேள்வி, "ஏன், லீட் வராதா?" என்பதுதான். மீதிப் பேர், "கிட்டாருக்கு ஆறு கம்பி இருக்குமே, உன்னோடதுல ஏன் நாலு?" என்பார்கள். பி.காம். படிக்கிறவனிடம் "இன்ஜினியரிங் கிடைக்கலையா?" என்று கேட்பது மாதிரிதான் இரண்டுமே. பழகிவிட்டது :-)

பதில் சொல்லிவிடுகிறேன். கிட்டாரின் கீழ் நான்கு கம்பிகளை ஒரு ஸ்தாயி இறக்கினால் பேஸ். ஈ, ஏ, டி, ஜி. கடைசியில் இருக்கும் தடித்த ஈ கம்பியை மீட்டினால் அது வினாடிக்கு ஏறக்குறைய 41 முறை அதிரும். மனிதக் காது கேட்கும் எல்லையின் அடிமட்டத்துக்குக் கிட்டத்தட்ட அதுதான் பக்கத்து வீடு. 1951-க்கு முன்னால் இந்த வேலையைச் செய்தது ஆள் உயரத்துக்கு நிற்கும் டபுள் பேஸ். டிரம்ஸும் மின்சார கிட்டாரும் சேர்ந்து கத்தும் மேடையில் அது காணாமல் போனது. தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போவதும் பெரும் பாடு. அமெரிக்காவில் லியோ ஃபெண்டர் என்பவர் (அவருக்கு கிட்டார் வாசிக்கத் தெரியாது, ரேடியோ ரிப்பேர்க்காரர்) அதைத் தோளில் மாட்டும் அளவுக்குச் சுருக்கி, கழுத்தில் ஃப்ரெட் வைத்தார். ஃப்ரெட் இருப்பதால் சுருதி துல்லியமாக விழும். அதனால்தான் அதற்கு 'பிரிசிஷன் பேஸ்' என்று பெயர். இன்று வரை பெரும்பாலான பேஸ்கள் அதன் பேரன் பேத்திகள்தான்.

இதெல்லாம் சரி, ஏன் யாருக்கும் பேஸ் காதில் விழுவதில்லை?

ஒரு சின்ன சோதனை. 1980-ல் வந்த 'மூடுபனி' படத்தில் பிரதாப் போத்தன் கிட்டாரோடு பாடுவாரே, ஜேசுதாஸ் குரல், அந்தப் பாட்டை ஃபோன் ஸ்பீக்கரில் போடுங்கள். கிட்டாரும் குரலும் கேட்கும். பிறகு நல்ல ஹெட்ஃபோனில் போடுங்கள். கீழே இன்னொரு ஆள் தனியாக ஒரு பாட்டுப் பாடிக்கொண்டிருப்பார். அவர் ஃபோனிலும் இருந்தார். ஆனால் நகத்தளவு ஸ்பீக்கரால் 41, 55 ஹெர்ட்ஸையெல்லாம் வெளியே தள்ள முடியாது. அந்தக் கம்பி அதிரும்போது கூடவே 82, 123, 164 என்று மடங்குகளும் அதிர்கின்றன. ஃபோன் அவற்றில் மேலே இருப்பதை மட்டும் கொடுக்கிறது. காணாமல் போன அடிச் சத்தத்தை நம் மூளை ஊகித்து நிரப்பிக்கொள்கிறது. பேலன்ஸ் ஷீட்டில் ஒரு எண் அழிந்துபோனால் மற்ற எண்களை வைத்துக் கண்டுபிடிப்போமே, அந்த வேலை.

டோன் பற்றிய பாதிச் சண்டைக்கு இங்கேயே தீர்ப்பு இருக்கிறது. புதிதாக ஆம்ப் வாங்கியவர்கள் எல்லாரும் செய்யும் முதல் காரியம், பேஸ் குமிழை முழுக்க ஏற்றி, மிட்டை முழுக்க இறக்கி, ட்ரெபிளையும் கொஞ்சம் ஏற்றுவது. அறையில் தனியாக வாசித்தால் சொர்க்கமாக இருக்கும். ஜன்னல் அதிரும், அம்மா வந்து கதவைத் தட்டுவார். அதே செட்டிங்கோடு டிரம்ஸ், கீபோர்டு, இரண்டு கிட்டாரோடு சேர்ந்து வாசித்தால் நீங்கள் மேடையில் நிற்பது போட்டோவில் மட்டும்தான் தெரியும். அடிச் சத்தம் கிக் டிரம்மோடு கரைந்துவிடும். மேல் சத்தத்தை சிம்பல் சாப்பிட்டுவிடும். பேஸ் எந்த நோட் வாசிக்கிறது என்று காதுக்குச் சொல்வது நடுவில் இருக்கும் மிட். தனியாகக் கேட்டால் அது கொஞ்சம் அசிங்கமாகத்தான் இருக்கும், டப்பாவில் தட்டுவது போல. கூட்டத்தில் அந்த அசிங்கம்தான் சோறு போடும்.

இதை எனக்குச் சொன்னது யூடியூப் இல்லை, சித்தப்பா. அவர் 1989-லிருந்து 2003 வரை திருச்சி, தஞ்சாவூர் பக்கம் ஒரு மெல்லிசைக் குழுவில் பேஸ் வாசித்தவர். கோயில் திருவிழா, கல்யாண ரிசப்ஷன், தை மாதத்தில் தூக்கமே கிடையாது. பள்ளிக்கூடத்தில் கற்றதில்லை, நோட்டேஷன் தெரியாது. ராஜா கேசட்டை டேப்ரிக்கார்டரில் போட்டு, ரிவைண்ட் பண்ணிப் பண்ணி, பேஸை மட்டும் பிரித்துக் கேட்டு எடுத்தது எல்லாம். பேட்டரி இறங்கிய டேப்ரிக்கார்டரில் பாட்டு மெதுவாக ஓடும், சுருதியும் இறங்கும், ஆனால் வேகமான இடமெல்லாம் தெளிவாகக் கேட்கும் என்று வேண்டுமென்றே பழைய பேட்டரியைச் சேர்த்து வைப்பாராம். இன்று நாம் ஆப்பில் 0.5 என்று அழுத்துகிறோம்.

அந்தக் கேசட்டுகளில் வாசித்தவர் யார் என்று அவருக்கு அப்போது தெரியாது. உறையில் போட்டிருக்காது. ராஜாவின் எத்தனையோ பாடல்களுக்கு பேஸ் வாசித்தவர் சசிதரன் என்பதே அவருக்கு மிகப் பின்னால்தான் தெரியவந்தது. ரஹ்மான் வந்தபிறகு உறைகளில் வாத்தியக்காரர்கள் பெயர் வர ஆரம்பித்தது. கீத் பீட்டர்ஸ் என்ற பெயரை அப்படித்தான் நிறையப் பேர் அறிந்தார்கள். இது நம் ஊர்க் கதை மட்டுமில்லை. டெட்ராய்ட்டில் மோடவுன் கம்பெனியின் 60-களின் ஹிட் பாட்டுகளில் பெரும்பகுதிக்கு பேஸ் வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சன் பெயர் இசைத்தட்டு உறையில் ஏறியது 1971-ல், மார்வின் கேயின் 'வாட்ஸ் கோயிங் ஆன்' ஆல்பத்தில்தான். அதுவரை உலகமே அவர் வாசிப்புக்கு ஆடிக்கொண்டிருந்தது, ஆள் யாரென்று தெரியாமல்.

ஜேமர்சனின் சாமான் பட்டியலைப் பார்த்தால் நம் கடை ஆசையெல்லாம் கொஞ்சம் அடங்கும். 1962 மாடல் பிரிசிஷன் பேஸ் ஒன்று. அதில் லா பெல்லா கம்பெனியின் தடித்த ஃப்ளாட்வவுண்ட் கம்பிகள், அறுந்தால் ஒழிய மாற்றமாட்டார். பிரிட்ஜ் மூடிக்கு அடியில் கம்பெனியே வைத்துக்கொடுத்த நுரைத் துண்டை எடுக்காமல் அப்படியே விட்டார். வலது கையில் ஆள்காட்டி விரல் ஒன்று மட்டும். அவ்வளவுதான்.

சித்தப்பாவுக்கு ஜேமர்சன் பெயர் நான் சொல்லித்தான் தெரியும். ஆனால் பரணிலிருந்து அவர் பேஸை இறக்கியபோது பிரிட்ஜ் பக்கத்தில், கம்பிகளுக்கு அடியில், நீல வார் போட்ட ஹவாய் செருப்பிலிருந்து வெட்டிய ஒரு துண்டு செருகியிருந்தது! "மைக் செட்டுக்காரன் ஸ்பீக்கர்ல பேஸ் 'ம்ம்ம்'னு இழுத்துக்கிட்டே இருக்கும்டா. அடுத்த நோட் மேல போய் முட்டும். அதான் அறுத்து வெச்சேன்" என்றார். கடலுக்கு இரண்டு பக்கமும் ஒரே நோய்க்கு ஒரே மருந்து.

அவர் பாடம் மொத்தத்தையும் ஒரே வரியில் சொல்லலாம்: நோட் எப்போ ஆரம்பிக்குதுன்னு எல்லாரும் பாக்குறான், எப்போ முடியுதுன்னு பாரு. மெட்ரோனோமை 60-ல் வைத்து ஒன்றில் அடித்து, இரண்டு விழும் அந்தக் கணத்தில் சத்தம் நிற்க வேண்டும். முன்னாலும் இல்லை, பின்னாலும் இல்லை. இடது கை விரலை ஃப்ரெட்டிலிருந்து விட வேண்டும், ஆனால் கம்பியை விடக்கூடாது. முழுக்க எடுத்துவிட்டால் வெறும் கம்பி பாட ஆரம்பித்துவிடும். கேட்க எளிது. மூன்று வாரம் இதை மட்டும் செய்ய வைத்தார். நான்காவது வாரம் டிரம்மரோடு உட்கார்ந்தபோது, ஸ்னேர் விழும் இடத்தில் என் நோட் முடிந்தது. டிரம்மர் நிமிர்ந்து பார்த்தான். "என்னடா, புது ஆம்ப்பா?" என்றான். அதே பழைய 10 வாட் பெட்டிதான்.

வலது கையை எங்கே வைக்கிறோம் என்பதும் இலவசமாகக் கிடைக்கும் டோன் குமிழ். கழுத்துப் பக்கம் மீட்டினால் உருண்டையாக, மெத்தென்று இருக்கும். பிரிட்ஜ் பக்கம் போகப் போக அடிச் சத்தம் குறைந்து மேல் மடங்குகள் கூடும், கறாராகப் பேசும். இரண்டு அங்குலம் தள்ளினால் போதும், வேறு பேஸ் மாதிரி இருக்கும்.

இப்போது பணக் கணக்கு. இரண்டு வருடம் பதினோராம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அக்கவுண்டன்சி டியூஷன் எடுத்ததில் கையில் 28,000 ரூபாய் நின்றது. ஐந்து கம்பி ஆக்டிவ் பேஸ் ஒன்றின் மேல் ரொம்ப நாளாகக் கண். ஐந்தாவது கம்பி பி, ஏறக்குறைய 31 ஹெர்ட்ஸ். என் ஆம்ப்பின் ஆறு அங்குல ஸ்பீக்கர் 41-ஐயே மென்று முழுங்குகிறது, 31-ஐ எங்கே வைக்கும்? பேஸ் வாங்கினால் அடுத்து ஆம்ப் வாங்க வேண்டும். ஆம்ப் வாங்கினால் அதைத் தூக்க ஆட்டோ வேண்டும். ஒரு முதலீடு அடுத்த முதலீட்டைக் கையைப் பிடித்து இழுத்துவரும் என்று மூன்றாம் செமஸ்டரிலேயே படித்தாயிற்று. கடைசியில் ஃப்ளாட்வவுண்ட் கம்பி ஒரு செட் மட்டும் வாங்கினேன். சாதாரணக் கம்பியைவிட மூன்று மடங்கு விலை, ஆனால் வருடக்கணக்கில் உழைக்கும். மீதிப் பணம் வங்கியில் இருக்கிறது. கம்பியை என் பேஸில் மாட்டவில்லை, சித்தப்பாவுடையதில் மாட்டப்போகிறேன்.

அவர் ஏன் நிறுத்தினார் என்பதைச் சொல்லியாக வேண்டும். 2003-ல் ஒரு நாள் கச்சேரி முடிந்து சம்பளம் பிரிக்கும்போது குழு நடத்துகிறவர், "கீபோர்டுக்காரர் இடது கையே பேஸ் வாசிச்சிடுது, இனி ஒரு பங்கு மிச்சம்" என்றிருக்கிறார். அவ்வளவுதான் பிரிவு உபசாரம். காமர்ஸ் மாணவனாகப் பார்த்தால் அவர் கணக்கில் தப்பில்லை. ஏழு பங்கு ஆறானது, வேனில் ஒரு இடம் காலி. சிந்த் பேஸை நான் குறை சொல்லவும் மாட்டேன், ரஹ்மானின் ஆரம்பகாலப் பாட்டுகளில் அது செய்யாத ஜாலமா? ஆனால் திருவிழா மேடையில் ஒரே ஆளின் இடது கை பேஸுக்குப் போய்விட்டால் அவர் பாட்டில் பாதியைக் கைவிட வேண்டும். பாடகர் சரணத்தை ஒரு மாத்திரை தாமதமாக எடுத்தால் அவரோடு சேர்ந்து சாய்ந்து பிடிக்கக் கீழே ஆளும் இல்லை. சில வருடங்களில் பென்டிரைவ் டிராக் வந்து, அந்தக் கீபோர்டுக்காரர் பங்கையும் மிச்சப்படுத்தியது. சித்தப்பா இதைச் சிரிக்காமல்தான் சொன்னார். இப்போது ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறார்.

அந்த பேஸ் கம்பி மாட்டியபடியே இருபது வருடம் பரணில் கிடந்தது. நாலு கம்பியும் சேர்ந்து கழுத்தை இழுக்கும் விசை 70 கிலோவுக்குக் குறையாது. கழுத்து வில்லாக வளைந்துவிட்டது. கடையில் காட்டியதில், "தூக்கிப் போட்டுட்டு புதுசு வாங்குங்க" என்றார்கள். கழுத்துக்குள் ஓடும் ட்ரஸ் ராட் இன்னும் உயிரோடு இருப்பது தெரிந்ததால் நாங்களே ஆரம்பித்தோம். பழைய கம்பியையே சுருதிக்கு ஏற்றி, ஆலன் கீயால் கால் திருப்பு. அவசரப்பட்டால் உள்ளே இருக்கும் கம்பி முறியும், மரம் பிளக்கும். அதனால் ஒரு நாள் விட்டுவிட வேண்டும். மறுநாள், முதல் ஃப்ரெட்டிலும் கடைசி ஃப்ரெட்டிலும் கம்பியை அழுத்திக்கொண்டு ஏழாவது ஃப்ரெட்டுக்கும் கம்பிக்கும் நடுவே இடைவெளி பார்க்க வேண்டும். ஒரு விசிட்டிங் கார்டு நுழைந்தால் நல்ல கழுத்து. எங்களுடையதில் முதல் நாள் ஏ.டி.எம். கார்டு மூன்று அடுக்கி நுழைத்தோம்.

கடை ஷட்டரை இறக்கிவிட்டு இரவு ஒன்பதரைக்கு இந்த வேலை. திருப்பி முடித்ததும் சித்தப்பா பேஸை மடியில் வைத்துக்கொண்டு, ஆம்ப்பில் சொருகாமல், எதையோ வாசிப்பார். என்ன பாட்டு என்று கேட்டால் சொல்வதில்லை. ஃபோட்டோகாப்பி மெஷின் சூடு ஆறும் சத்தத்துக்கு மேல் அது கேட்கவும் கேட்காது. விரலை மட்டும்தான் பார்க்க முடியும். ஒவ்வொரு நோட்டும் முடிகிற இடத்தில் விரல் கம்பி மேலேயே உட்கார்ந்திருக்கும்.

நேற்று ஐந்தாவது கால் திருப்பு. இடைவெளி இப்போது ஒரு ஏ.டி.எம். கார்டுதான். புதுக் கம்பி மாட்ட இன்னும் இரண்டு திருப்பாவது போக வேண்டும். பன்னிரண்டாவது ஃப்ரெட்டுக்கு மேல் கம்பி உறுமுகிறது. அந்தப் பக்கம் நமக்கு வேலையே இல்லை என்கிறார் சித்தப்பா.