மணல் தேடிப் போன ஞாயிறு

ஓசூரில் இருக்கும் அக்கா மகளுக்கு ஒன்பது வயது. விடுமுறைக்கு வரும்போதெல்லாம் மெரினா பார்க்க வேண்டும் என்பாள், கூட்டிப்போவேன். இந்த முறை தொலைபேசியில் வேறொன்று கேட்டாள். "பாட்டி வீட்டுப் பக்கத்துலயே கடல் இருக்கே மாமா, அப்புறம் ஏன் நாம மெரினாவுக்குப் போறோம்?"

நாங்கள் இருப்பது திருவொற்றியூர் காலடிப்பேட்டை. மொட்டை மாடியில் நின்றால் காற்றில் உப்பு வரும். கடல் பத்து நிமிட நடைதான். பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பக்கத்தில் இருந்த அம்மா போனை வாங்கி, "நம்ம கடல்ல கல்லுதான் கண்ணு இருக்கு. மணல் ஏது?" என்றாள்.

"மணல் எங்க பாட்டி போச்சு?"

அம்மா பிறந்தது ராயபுரத்தில். அவளுடைய பாட்டி காலத்தில் வீட்டிலிருந்து அலைக்குப் போவதற்குள் கால் சுட்டுவிடும், அவ்வளவு மணல் கிடந்தது என்று சொல்லக் கேட்டிருக்கிறேன். இப்போது அங்கே சாலை, சாலையை ஒட்டிக் கருங்கல் குவியல், கல்லைத் தாண்டினால் ஆழக் கடல். பிள்ளைக்கு இதையெல்லாம் போனில் எப்படிச் சொல்வது? "பார்த்துட்டுச் சொல்றேன் கண்ணு. மணல் இருக்குற இடமா பார்த்து உன்னைக் கூட்டிட்டுப் போறேன்" என்று வாக்குக் கொடுத்துவிட்டேன்.

அடுத்த ஞாயிறு விடியுமுன் கிளம்பினேன். ராயபுரத்திலிருந்து எண்ணூர் முகத்துவாரம் வரை ஒரு பிள்ளை உட்கார்ந்து வீடு கட்டுகிற அளவு மணல் எங்கெல்லாம் இருக்கிறது என்று பார்ப்பதுதான் வேலை. மூட்டு வலிக்கார அம்மாவும் வருவாள். அதனால் அவள் கல் ஏறாமல் இறங்க வழி வேண்டும். சாக்கடை வந்து கலக்காத இடமாகவும் இருக்க வேண்டும்.

ராயபுரம் ரயில் நிலையத்தில் இறங்கினேன். 1856இல் தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் வாலாஜா ரோட்டுக்குப் புறப்பட்டது இங்கிருந்துதான். ஊர் அதற்கும் முந்தியது. படகோட்டிகளும் மீனவர்களும் புனித இராயப்பருக்குக் கட்டிய கோயிலை வைத்துத்தான் இந்த ஊரின் பெயரைச் சொல்வார்கள். இப்படிக் கடலை நம்பி எழுந்த ஊரில் இன்று கடலைப் பார்க்க மீன்பிடித் துறைமுகத்துக்குள் போக வேண்டியிருக்கிறது.

காசிமேட்டில் ஏலம் உச்சத்தில் இருந்தது. வஞ்சிரம், வவ்வால், சங்கரா, கடம்பா, கூடை கூடையாக நெத்திலி. பனிக்கட்டித் தண்ணீர் காலுக்கடியில் ஓடுகிறது. "இன்னா நைனா, வேணுமா வேணாமா? சும்மா பார்த்துனே நின்னா எப்டி?" என்று ஒரு அம்மா கேட்டார். வேண்டும் என்று சங்கரா ஒரு கூறு வாங்கிக்கொண்டேன். பிள்ளையை இங்கே கொண்டுவர வேண்டும் என்று அப்போதே முடிவு செய்தேன். மணல் கிடையாதுதான். ஆனால் கடல் என்பது வேடிக்கைக்கு மட்டும் இல்லை, அதில் உழைத்துப் பிழைக்கும் மக்கள் இருக்கிறார்கள் என்பதை அவள் மெரினாவில் தெரிந்துகொள்ள முடியாது. ஒன்றைக் கவனித்துக்கொண்டேன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். முழு ஆண்டு விடுமுறையில் வந்தால் படகெல்லாம் கரையில் கட்டிக் கிடப்பதைத்தான் அவள் பார்ப்பாள்.

காசிமேட்டுக்கு வடக்கே எண்ணூர் விரைவுச் சாலையைப் பிடித்து நடந்தேன். துறைமுகத்துக்குள் போகக் காத்திருக்கும் கன்டெய்னர் லாரிகள் இடப்பக்கம் வரிசையாக நின்றன. வலப்பக்கம் கல் சுவர். அதன் மேல் ஏறினால்தான் கடல் தெரிகிறது. ஏறி நின்று தெற்கே திரும்பிப் பார்த்தால் சென்னைத் துறைமுகத்தின் அலைதடுப்புச் சுவரும் பளுதூக்கிகளும். பிள்ளையின் கேள்விக்குப் பதில் அங்கே நிற்கிறது.

நம் கிழக்குக் கரையில் மணல் ஓரிடத்தில் நிற்காது. தென்மேற்குப் பருவக்காற்றுக் காலம் முழுக்க அலைகள் சாய்வாக வந்து மோதி மணலை வடக்கே தள்ளும். வாடை வீசும் சில மாதங்கள் அதையே தெற்கே தள்ளும். கணக்குப் பார்த்தால் ஆண்டு முடிவில் வடக்கே போவதுதான் அதிகம். கடலூர், மாமல்லபுரம், திருவான்மியூர் என்று கரையோரமாக ஒரு மணல் ஆறு ஓடுகிறது என்று வைத்துக்கொள்ளலாம். அதன் குறுக்கே 1875இல் துறைமுகத்துக்காகச் சுவர் எழுப்பத் தொடங்கினார்கள். 1881இல் வந்த புயல் அந்தச் சுவர்களைப் பெரும்பாலும் உடைத்துப் போட்டது. விடாமல் மறுபடி கட்டினார்கள். கிழக்கே பார்த்திருந்த வாயில் தூர்ந்துபோனதால், பிரான்சிஸ் ஸ்பிரிங் பொறுப்பில் இருந்தபோது அதை மூடி வடகிழக்கில் புது வாயில் வைத்தார்கள். துறைமுகம் பிழைத்துக்கொண்டது. ஆனால் தெற்கிலிருந்து வந்த மணல் சுவரில் முட்டி நின்றுவிட்டது.

அப்படி நின்ற மணல்தான் மெரினா. ஒரு காலத்தில் புனித ஜார்ஜ் கோட்டையின் மதிலுக்கு அருகிலேயே அலை அடித்தது. கிராண்ட் டஃப் ஆளுநர் 1880களில் உலாச்சாலை அமைத்து மெரினா என்று பெயர் வைத்தபோதும் கரை இவ்வளவு அகலம் இல்லை. இன்று காமராசர் சாலையில் இறங்கி அலையைத் தொடுவதற்குள் நடந்து நடந்து கால் ஓய்ந்துவிடுகிறது. அந்த நடை தூரத்தில் ராயபுரத்தின் பங்கு இருக்கிறது, காசிமேட்டின் பங்கு இருக்கிறது, திருவொற்றியூரின் பங்கும் இருக்கிறது. வடக்கே வரவேண்டிய மணல் வரவில்லை. அலைக்கோ வாங்கிப் பழக்கம், எடுக்க ஏதாவது வேண்டும். கரையில் இருந்ததை எடுத்தது. பிறகு குப்பங்களை எடுத்தது, தெருக்களை எடுத்தது. அதற்குத்தான் இந்தக் கல்.

மெரினாவின் மேல் எனக்குக் கோபம் இல்லை. நான் சுண்டல் தின்று வளர்ந்த இடம் அது. ஆனால் அந்த மணல் எங்கிருந்து வந்தது, வராமல் போனதால் யார் வீடு போனது என்பதை அங்கே உட்காருகிறவர்கள் அறிந்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

இது நமக்கு மட்டும் நடந்ததில்லை. ஆப்பிரிக்காவின் அட்லாண்டிக் கரையில் லாகோஸ் நகரம் இருக்கிறது. அங்கே மணல் மேற்கிலிருந்து கிழக்கே போகும். 1908க்கும் 1912க்கும் இடையில் துறைமுக வாயிலில் கல்சுவர்கள் கட்டினார்கள். மேற்குப் பக்கம் மணல் குவிந்தது. கிழக்கே, நகரத்து மக்கள் ஞாயிறு தவறாமல் போய்க்கொண்டிருந்த பார் பீச் கரையத் தொடங்கியது. பலமுறை மணலைக் கொண்டுவந்து கொட்டியும் கடல் எடுத்துக்கொண்டே இருந்தது, சாலைக்குத் தண்ணீர் வந்தது. கடைசியில் கான்கிரீட் கட்டைகளால் பெரிய சுவர் எழுப்பி, கடலடி மணலை வாரி நிரப்பி, ஈகோ அட்லாண்டிக் என்ற புது நகரத்தையே அதன் மேல் கட்டுகிறார்கள். கடல் நின்றது. ஏழைபாழைகள் காசில்லாமல் போய்வந்த கடற்கரை அதோடு போயிற்று. கல் சுவர் மேல் நின்றுகொண்டு நான் அந்த ஊரைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

திருவொற்றியூரை நெருங்கும்போது மனம் கொஞ்சம் தேறியது. இந்தப் பக்கம் 2000களின் தொடக்கத்தில் கடலுக்குள் நீளும் கல் கரங்கள் கட்டினார்கள். தூண்டில் வளைவு என்பார்கள். சென்னை ஐஐடியின் வல்லுநர்கள் வடிவமைத்தது. ஒரு வளைவுக்கும் அடுத்ததற்கும் நடுவே, ஓடிப்போகும் மணலில் கொஞ்சம் தங்குகிறது. தங்கிய இடத்தில் பிறைபோல ஒரு கரை. அப்படி ஒரு பிறையில் இறங்கினேன். இருபது முப்பது அடி அகலம் இருக்கும். ஃபைபர் படகுகள் ஏற்றி வைத்திருந்தார்கள். ஒருவர் வலை பிரித்துக்கொண்டிருந்தார். இரண்டு பையன்கள் நண்டுப் பொந்தில் கைவிட்டுக்கொண்டிருந்தார்கள். உட்கார்ந்து மணலை அள்ளினேன். ஈரமாகப் பிடித்தால் நின்றது. வீடு கட்டலாம்.

"குழந்தையைக் கூட்டிவரலாமா?" என்று வலை பிரித்தவரைக் கேட்டேன்.

"தாராளமா வாங்க சார். உக்காந்து வெளையாடட்டும். தண்ணில மட்டும் எறக்காதீங்க. அந்தக் கல்லு ஓரம் இழுப்பு ஜாஸ்தி. வெளியூர்ப் பசங்க தெரியாம எறங்கிடுறாங்க, நாங்கதான் போய்த் தூக்குறோம்."

அவர் சொன்னதை அப்படியே இங்கே எழுதுவது வாசிக்கிறவர்களுக்காக. கரைக்கு வந்த தண்ணீர் திரும்பிப் போகக் கல்லை ஒட்டித்தான் வழி பிடிக்கும். மேலே அமைதியாகத் தெரிந்தாலும் கீழே கடலுக்குள் இழுக்கும். கல்லில் பாசி வேறு. வழுக்கினால் பிடிக்க எதுவும் இல்லை.

அங்கிருந்து பட்டினத்தார் கோயில் பக்கம்தான். இந்தக் கடற்கரையில் மாடு மேய்க்கும் பிள்ளைகளோடு அவர் விளையாடினார் என்பது கதை. மணலில் குழி தோண்டித் தன்னை மூடச் சொல்வாராம். பிள்ளைகள் மூடிவிட்டுப் பார்த்தால் வேறு பக்கத்திலிருந்து எழுந்து வருவாராம். கடைசியாக ஒருநாள் மூடினார்கள், வரவில்லை. தோண்டினால் லிங்கம் இருந்ததாம். செல்வம் அத்தனையும் விட்டு வந்தவர் இறுதியாகக் கேட்டது பிள்ளைகள் கையால் ஒரு பிடி மணல் என்று இந்தக் கதையை நான் எடுத்துக்கொள்கிறேன். தேவார மூவரும் பாடிய ஒற்றியூர் கடலோரத் தலம். சுந்தரர் சங்கிலியாரை மணந்ததும் இங்கேதான். மாசி மாதம் தியாகராசர் கோயில் விழாவில் ஊரே தேரடியில் நிற்கும்.

எண்ணூருக்கும் போனேன். அதைப் பற்றி நீட்ட மனம் வரவில்லை, ஆனாலும் சொல்லாமல் விட முடியாது. கொசஸ்தலை ஆறு கடலில் சேரும் அந்த முகத்துவாரம் ஒரு காலத்தில் வெள்ளைக்காரர்கள் பங்களா கட்டி ஓய்வெடுக்க வந்த இடம். இன்று ஒருபுறம் அனல்மின் நிலையப் புகைபோக்கிகள், மறுபுறம் 2001இல் செயல்படத் தொடங்கிய காமராசர் துறைமுகம். அதன் சுவருக்குத் தெற்கே மணல் குவிந்து முகத்துவாரம் தூர்கிறது என்று மீனவர்கள் சொல்லாத நாளில்லை. சென்னைத் துறைமுகத்தில் நடந்ததே இங்கே இன்னொரு முறை நடக்கிறது. 2017 ஜனவரியில் இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியபோது, பிசினாக ஒட்டிய அதை வாளியால்தான் மொண்டார்கள். 2023 டிசம்பரில் புயல் வெள்ளத்தோடு வந்த எண்ணெய் ஆற்றையும் படகையும் வலையையும் கறுப்பாக்கியது. அதே மாதம் 26ஆம் தேதி நள்ளிரவில் கடலடிக் குழாயில் அமோனியா கசிந்து பெரியகுப்பம் மக்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். இத்தனைக்கும் பிறகு ஆற்றுச் சேற்றில் குனிந்து வெறுங்கையால் இறால் தடவும் பெண்களை அன்றும் பார்த்தேன். பிள்ளையை முகத்துவாரத்துக்குக் கூட்டிவந்து காட்டுவேன். தண்ணீரில் கால் வைக்க விடமாட்டேன்.

வீட்டுக்கு வந்து சங்கராவை அம்மாவிடம் கொடுத்துவிட்டுத் திட்டத்தைச் சொன்னேன். அக்காவும் பிள்ளையும் மாசியில் ஒரு சனிக்கிழமை வந்துவிட வேண்டும். வாடை ஓய்ந்திருக்கும், வெயில் ஏறியிருக்காது, தடைக்காலமும் தொடங்கியிருக்காது. ஞாயிறு விடியுமுன் காசிமேடு. பிறகு மெட்ரோவில் திருவொற்றியூர் தேரடி. 2021இல் விம்கோ நகர் வரை மெட்ரோ வந்த பிறகு லாரிகளுக்கு நடுவே பிள்ளையோடு மாட்டிக்கொள்ளத் தேவையில்லை. கோயில், இட்லி, அங்கிருந்து ஆட்டோவில் பட்டினத்தார் கோயில், பிறகு அந்தப் பிறை. தலைக்குத் தொப்பி, குடிக்கத் தண்ணீர், அம்மாவுக்கு ஒரு மடக்கு நாற்காலி. நிழல் அங்கே எதுவும் இல்லை, குடையும் வேண்டும். பத்து மணிக்குள் கிளம்பிவிட வேண்டும். சாயங்காலம் பீச் ஸ்டேஷன் எதிரே அத்தோ நூடுல்ஸ் வாங்கித் தருவதாக ஏற்கெனவே சொல்லியாகிவிட்டது.

"சாலையை எங்கடா தாண்டுறது? எனக்குக் கல்லு ஏற முடியாதே" என்றாள் அம்மா. கல் இல்லாத இடைவெளி ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறேன் என்றேன். படகு இறக்க மீனவர்கள் விட்ட வழி அது.

வடசென்னை வளர்ச்சித் திட்டம் 2024இல் தொடங்கியதிலிருந்து இந்தக் கரையை அழகாக்குவது பற்றிப் பேச்சு நடக்கிறது. நடைபாதையும் விளக்கும் பெஞ்சும் வரட்டும், எங்கள் பிள்ளைகளுக்கும் அவை வேண்டும். ஆனால் முதலில் வேண்டியது மணல். துறைமுகத்துக்குத் தெற்கே ஆண்டுதோறும் தேங்குவதைக் குழாய் வழியாக வடக்கே கொண்டுவந்து விடுவது உலகில் பல துறைமுகங்கள் செய்கிற வேலைதான். புதுச்சேரியில் துறைமுகச் சுவரால் காணாமல் போன கரை, கடலுக்கடியில் தடுப்பு வைத்த பிறகு 2018இல் மறுபடி எழுந்தது. அதை வடிவமைத்த தேசியக் கடல்சார் தொழில்நுட்ப நிறுவனம் இருப்பது பள்ளிக்கரணையில், நம் ஊரிலேயே. ராயபுரத்துக்கும் அதைச் செய்யுங்கள். எங்கள் மணலை எங்களுக்கு அனுப்புங்கள்.