ஓர் எண் போதுமா?

ஒருவருடைய ஆற்றலை ஒரே ஓர் எண்ணைக் கொண்டு அளந்துவிட இயலுமா? ஆண்டுதோறும் மாணவர்களின் தேர்ச்சி அறிக்கையில் புள்ளிகளை எழுதும் ஆசிரியர்களாகிய எங்கள் உள்ளத்தில் அடிக்கடி எழும் வினா இது. இதற்கு விடை காண, அமெரிக்க நாட்டுப் பேஸ்பால் திடலுக்குச் சென்று வருவோம். அங்கே எறியப்படும் ஒவ்வொரு பந்துக்கும் கணக்கு உண்டு.

பேஸ்பால், பள்ளித் திடல்களில் ஆடப்படும் ரவுண்டர்ஸ் ஆட்டத்திற்கு உறவானது. மட்டையாளர் மூன்று நல்ல பந்துகளைத் தவறவிட்டால் வெளியேற வேண்டும். இதனை ‘ஸ்ட்ரைக் அவுட்’ என்பர். அடிக்கப்படாத நான்கு பந்துகள் குறி தவறினாலோ, அவர் முதல் தளத்திற்கு நடந்தே செல்லலாம். எனவே முன்னது பந்தெறிபவருக்கு வரவு, பின்னது செலவு.

நோலன் ரயன் என்னும் வீரர் 1966இல் முதன்முதலாகப் பெருங்குழு ஆட்டத்தில் பந்தெறிந்தார். 1993இல் ஓய்வு பெற்றார். அவர் நிகழ்த்திய ஸ்ட்ரைக் அவுட்டுகள் 5,714. இன்றளவும் எவரும் இதனை எட்டவில்லை. இந்த எண்ணை மட்டும் காண்போர், அவரே தலைசிறந்தவர் என்பர். ஆயினும், மட்டையாளரை அவர் நடக்கவிட்ட தடவைகள் 2,795. இதிலும் அவரே முதல்வர்! ஒரே கை இருவகைச் சாதனைகளையும் படைத்தது விந்தையன்றோ?

இனி, அவர் காலத்தவர் இருவரை அருகில் நிறுத்திப் பார்ப்போம். ஒன்பது சுற்றுகளுக்குச் சராசரியாக, டாம் சீவர் விட்டுக்கொடுத்த ஓட்டங்கள் 2.86, ரயன் 3.19, ஸ்டீவ் கார்ல்டன் 3.22. வெற்றி தோல்வியை நோக்கினால், சீவர் 311க்கு 205, கார்ல்டன் 329க்கு 244, ரயன் 324க்கு 292. ஆண்டின் சிறந்த பந்தெறிபவருக்குரிய சை யங் விருதைச் சீவர் மும்முறையும் கார்ல்டன் நான்கு முறையும் பெற்றனர். ரயன் ஒரு முறையேனும் பெற்றாரில்லை.

அப்படியானால் ரயன் தாழ்ந்தவரா? 1987ஆம் ஆண்டைப் பாருங்கள். அப்போது அவருக்கு வயது 40. அவர் ஆடிய நேஷனல் லீகில், சராசரியாக மிகக் குறைந்த ஓட்டங்களை விட்டுக்கொடுத்தவர் அவரே, அளவு 2.76. ஸ்ட்ரைக் அவுட்டுகளிலும் 270 பெற்று அவரே முதல்வர். ஆனால், அவர் கணக்கில் வெற்றி 8, தோல்வி 16. அவர் பந்தெறிந்த ஆட்டங்களில் அவருடைய குழுவினர் போதிய ஓட்டங்களை எடுத்துத் தரவில்லை. தோல்வி அவர் பெயரில் எழுதப்பட்டது. அதற்குரிய காரணம் எழுதப்படவில்லை.

எனினும், எல்லாக் குறையையும் குழுவின்மேல் சுமத்துவதும் முறையாகாது. 1972இல் கார்ல்டனின் குழு பெற்ற மொத்த வெற்றிகள் 59 மட்டுமே. அவற்றுள் 27 கார்ல்டனுடையவை! நலிந்த குழுவிலும் ஒளிவிட்டவர் அவர். ஆகவே, குறைந்த ஓட்டங்களில் சீவரும், நலிந்த குழுவை உயர்த்தியதில் கார்ல்டனும், மட்டையாளரைத் திணறடித்ததில் ரயனும் சிறந்தவர் என்பதே எங்கள் முடிவு. மூவரும் புகழ்மாடத்தில் இடம்பெற்றுள்ளமை பொருத்தமே.

நிறையையும் குறையையும் ஒருங்கே எடைபோட வேண்டும் என்பது வள்ளுவர் நமக்குக் காட்டிய நெறி. தேர்ச்சி அறிக்கையும் அவ்வாறே படிக்கத் தக்கது. கணிதத்தில் 40 புள்ளி பெற்ற மாணவன், சென்ற தவணையில் 20 பெற்றவனாக இருக்கலாம். 90 பெற்றவள், முயன்றால் 100 பெறக்கூடியவளாக இருக்கலாம். வீட்டில் தம்பி தங்கையரைக் கவனித்தபின் விளக்கடியில் அமரும் பிள்ளையின் உழைப்பு எந்தக் கட்டத்திலும் எழுதப்படுவதில்லை. பெற்றோர்களே, அறிக்கை வீட்டுக்கு வரும் நாளில் எண்ணைக் கண்டவுடன் சினவாதீர். அதன் பின்னுள்ள கதையையும் கேளுங்கள். மாணவச் செல்வங்களே, நீங்களும் எண்ணைக் கண்டு துவளாதீர். குழுவின்மேல் பழிபோடவும் வேண்டா. ரயன் தம் 40ஆம் வயதிலும் செய்ததுபோல, அடுத்த பந்தை முழு ஆற்றலுடன் எறியுங்கள்!