பழைய கல்லும் புதிய வீடும்

யாழ்ப்பாணப் பட்டினத்திலிருந்து காங்கேசன்துறை வீதியால் வடக்கே செல்வோர், கொக்குவில், தாவடி, இணுவில், மருதனார்மடம் என்னும் ஊர்களைக் கடந்து சுன்னாகம் சேரும்வரை இருமருங்கும் கடைகளையும் கல்வீடுகளையுமே காண்பர். மல்லாகமும் தெல்லிப்பழையும் தாண்டியபின் காட்சி மாறுகின்றது. செம்மண் தோட்டங்களுக்கும் பனங்கூடல்களுக்கும் இடையே கூரையற்ற சுவர்கள் நிற்கின்றன. சில சுவர்களில் ஆலும் அரசும் வேரோடிக் கல்லைப் பிளந்திருக்கின்றன. அவற்றுக்கு அருகே, பழைய வீட்டின் நிழல் விழும் தூரத்திலே, புதிதாக எழுந்த சிறு வீடுகள் தோன்றும். அச்சிறு வீடுகள் எழுந்த வகையை அறிந்து கொள்வதே இப்பயணத்தின் நோக்கம்.

வலிகாமம் வடக்கு மக்கள் 1990 ஆம் ஆண்டில் போர் காரணமாக ஊரைவிட்டு வெளியேறினர். அவர்தம் ஊர்கள் பின்னர் உயர் பாதுகாப்பு வலயமாயின. 1995 ஒக்டோபர் 30 ஆம் நாள் வலிகாமம் முழுவதுமே பெயர்ந்து தென்மராட்சியை நோக்கி நடந்தது. அடுத்த ஆண்டில் அவருட் பலர் தத்தம் வீடுகளுக்கு மீண்டனர். வலயத்துள் அகப்பட்ட ஊரவர்க்கோ அந்தப் பேறு கிட்டவில்லை. உறவினர் வீடுகளிலும் மல்லாகத்துக் கோணாப்புலம் போன்ற முகாம்களிலும் அவர்கள் காலங் கழித்தனர். போர் முடிந்த 2009 ஆம் ஆண்டின் பின்னர் காணிகள் பகுதி பகுதியாக விடுவிக்கப்பட்டன. மயிலிட்டித் துறைமுகம் 2017 யூலையிலேதான் மக்கள் கைக்கு மீண்டது. சில காணிகள் இன்னும் விடுவிக்கப்படவில்லை. இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாகப் பிரிந்திருந்த வளவிலே கால் வைத்தவர்கள் முதலிற் செய்த வேலை, பற்றைகளை வெட்டிக் கிணற்றைத் தேடியதாகும். அடுத்த வேலை, வீடு கட்டியது.

முன்னோர் கட்டிய முறை

சிறிய வீடு யாழ்ப்பாணத்துக்குப் புதியதன்று. முன்னாளில் ஓர் அறையும் அதன் முன்னே ஒரு திண்ணையும் கொண்ட கட்டடத்தையே வீடு என்றனர். நெல்லும் நகையும் காணி உறுதிகளும் அதனுள்ளே இருந்தன. சமையலுக்கு அடுக்களை தனியே. விருந்தினருக்குத் தலைவாசல் தனியே. மாட்டுக்குக் கொட்டில் தனியே. வீதியோரத்தில், வழிப்போக்கர் வெயிலுக்கும் மழைக்கும் ஒதுங்கத்தக்கதாகக் கூரை வேய்ந்த சங்கடப்படலை. குடும்பம் பெருகும்போது ஒவ்வொரு கட்டடமாகச் சேர்த்துக் கொண்டனர். நடுவே முற்றம் இருந்தமையால், சிறு கட்டடங்களும் பெரிய வீட்டின் வசதியைத் தந்தன.

கட்டுதற்கு வேண்டிய பொருளிற் பெரும்பகுதி ஊருக்குள்ளேயே கிடைத்தது. சுவருக்குப் புற்றுமண்ணும் களியும். ஒரு வரி வைத்து அது காய்ந்தபின் அடுத்த வரி. கூரைக்குப் பனஞ்சிலாகை, அதன்மேல் தென்னோலைக் கிடுகு அல்லது பனையோலை. நன்கு முதிர்ந்த பனையின் வைரம் பாய்ந்த புறப்பகுதியே சிலாகைக்கு ஏற்றது. கறையானும் அதனை எளிதில் அணுகாது. பனைக்கு 801 பயன்கள் உண்டென்று கூறும் 'தாலவிலாசம்' என்னும் நூல் இந்நாட்டு மக்கள் வாயில் அடிக்கடி வருவதில் வியப்பில்லை.

வீடு வேயும் நாள் ஒரு சிறு திருநாளாகும். அயலவரும் இனத்தவரும் கூடுவர். கிடுகு எடுத்துக் கொடுப்பவர், வரிச்சிலே கட்டுபவர், முகடு வேய்பவர் என வேலை பகிரப்படும். பெண்கள் ஒடியற்கூழ் காய்ச்சுவர். இன்று என் வீடு, நாளை உன் வீடு என்னும் முறையே கூலி. இறக்கிய பழைய ஓலையும் வீணாவதில்லை. தோட்டத்து மண்ணிலே தாழ்க்கப்பட்டு எருவாகும். கூரையாக இருந்தது அடுத்த ஆண்டில் பயிராகித் திரும்பும்.

இல்லாமை கற்பித்த பாடம்

காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலை 1950 ஆம் ஆண்டில் இயங்கத் தொடங்கியது. குடாநாட்டின் சுண்ணாம்புக்கல்லே அதற்கு மூலப்பொருள். சீமெந்து பெருகியபின் மண்வீடுகள் குறைந்து கல்வீடுகள் மிகுந்தன. 1990 ஆம் ஆண்டில் அத்தொழிற்சாலை போரினால் மூடப்பட்டது. பின்வந்த பொருளாதாரத் தடைக் காலத்தில் சீமெந்தும் இரும்பும் எரிபொருளும் பற்றறியும் தடைப்பொருள்களாயின. சீமெந்து விளைந்த நிலத்திலேயே ஒரு பை சீமெந்து கிடைத்தற்கரிய பொருளாயிற்று. புகையிரதம் நின்றுபோன பாதையிலே தண்டவாளங்களும் சிலிப்பர்க் கட்டைகளும் கழற்றப்பட்டுப் பதுங்குகுழிகளுக்குக் கூரையாயின. 2015 ஆம் ஆண்டு சனவரியிலேதான் காங்கேசன்துறைக்கு மீண்டும் புகையிரதம் ஓடியது.

அக்காலத்திற் பிறந்து வளர்ந்தோர், ஓர் ஆணியையும் எறிய மனம் வராதவர்கள். ஜாம் போத்தலிலே விளக்கு எரித்தவர்கள். சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்டவர்கள். இன்று அவர்கள் வீடு கட்டும்போது அப்பழக்கமே கைகொடுக்கின்றது.

எதை எடுப்பது, எதை விடுவது

பழைய பொருளிலே வீடு கட்டுவது, கண்டதையெல்லாம் அடுக்கி வைப்பதன்று. அதற்கும் ஓர் அறிவு வேண்டும். இவ்வூர் மேசன்மார் கூறும் முறைகளை மாணவர் நலங்கருதி இங்கே தொகுத்துத் தருகின்றோம்.

சுண்ணாம்புச் சாந்தினாற் கட்டிய பழைய சுவரைக் குலைத்தல் எளிது. சாந்து கல்லைவிட மென்மையானது, தட்டினால் உதிர்ந்துவிடும், கல் முழுதாகக் கைக்கு வரும். சீமெந்துச் சாந்து அப்படியன்று. அது கல்லைப் பற்றிக்கொள்ளும். பிரிக்க முயன்றால் கல்லே உடையும். ஆகையால், பாட்டனார் கட்டிய வீட்டின் கல் பேரனுக்குப் பயன்படும். தந்தையார் சீமெந்தினாற் கட்டியது பெரும்பாலும் உடைகல்லாகி அத்திவாரத்துக்கும் நிலத்துக்கும் போகும்.

கள்ளிக்கோட்டை ஓட்டை எடுத்து விரல் மடக்கித் தட்டிப் பார்த்தல் வேண்டும். கணீரென ஒலித்தால் நல்ல ஓடு; மந்தமாக ஒலித்தால் வெடிப்புண்டு. பனஞ்சிலாகையின் மேற்புறத்தைக் கத்தியாற் சுரண்டி, உள்ளே கருநிற நார் இறுக்கமாக இருக்கின்றதா என்று நோக்குவர். பாலை, முதிரை முதலிய வன்னி மரங்களினாற் செய்த நிலைகள், மழையில் நனைந்து கிடந்தும் பெரும்பாலும் உறுதி குன்றாதிருக்கும். அவற்றின் அடிப்பாகத்தை மட்டும் அறுத்து நீக்கிப் பயன்படுத்துவர்.

விடவேண்டியவையும் உண்டு. துருவேறி மெலிந்த கம்பியை வாசல் மேல்விட்டத்திலே வைத்தல் ஆபத்து. கடல் மண்ணிலே உப்புண்டு. அது கம்பியை அரிக்கும். உடைந்த அஸ்பெஸ்டஸ் தகட்டை அறுப்பதும் தேய்ப்பதும் தீது. அதன் தூசி நெஞ்சுக்குள்ளே சென்று நெடுநாளின் பின் நோயாகும். எல்லாவற்றுக்கும் மேலாக, வெடிபொருள் அகற்றப்பட்டதென்று உறுதி பெறாத நிலத்திலே கல் கிளறுதல் கூடவே கூடாது.

ஒரு குடும்பத்தின் முயற்சி

மயிலிட்டிப் பக்கத்திலே ஒரு வளவுக்குள் நுழைந்தோம். மூதாட்டி ஒருவர், கணவனை இழந்த அவர் மகள், மணப்பருவத்துப் பேர்த்தி, பள்ளி செல்லும் இரண்டு பேரப்பிள்ளைகள்: இவர்களே குடும்பத்தினர். நீளம் பதினாறடி, அகலம் பன்னிரண்டடி கொண்ட ஓர் அறை, முன்னே விறாந்தை, பின்னே சிறு குசினி. மேசன் ஒருவரே கூலிக்கு வந்தவர். மற்ற வேலையெல்லாம் வீட்டாருடையவும் இனத்தவருடையவும் ஆகும்.

மகளும் பேர்த்தியும் பழைய சுவரைக் குலைத்துக் கல்லை அளவு பார்த்து அடுக்கினார்கள். போதாமைக்குச் சீமெந்துக் கல் அரிந்தார்கள். அரிந்த கல்லை ஏழு நாளேனும் நீர் தெளித்து ஈரமாக வைத்திராவிடின் அது வலுப்பெறாது. காலையும் மாலையும் கிணற்றிலிருந்து நீர் சுமந்தவர்கள் சிறுவர்கள். வளைந்த ஆணிகளைக் கல்லின்மேல் வைத்துத் தட்டி நிமிர்த்தியதும் அவர்களே. கூரை ஏற்றும் நாளில் மூதாட்டியின் மருமக்கள் மூவர் வந்து சிலாகை பிடித்தனர்.

"இன்னும் ஓர் அறை சேர்த்திருக்கலாமே, அம்மா?" என்று கேட்டோம்.

"தம்பி, சின்ன வீடெண்டால் ஒரு விளக்குக் காணும். பெரிய வீடெண்டால் கடன்காரனும் வந்து இருக்க இடம் வேணும்" என்றார் மூதாட்டி.

இச்சொல் நகைப்புக்குரியதன்று. இந்திய அரசின் உதவியுடன் வடக்கிலும் கிழக்கிலும் 46,000 வீடுகள் அமைத்த திட்டத்திலே, புதுவீட்டுக்கு 5,50,000 ரூபா நான்கு தவணைகளாக வழங்கப்பட்டது. 550 சதுர அடி கொண்ட வீட்டை உரியவரே முன்னின்று கட்டும் முறை அது. மிகவும் பாராட்டத்தக்க முறையாயினும், பொருள்களின் விலை ஏற ஏறப் பணம் போதாமற் போயிற்று. பலர் நகையை அடகு வைத்தனர், வட்டிக்கு வாங்கினர். திட்டத்தின் அளவையும் மீறிப் பெரிதாக அத்திவாரம் இட்டோர் பட்ட இடர் அதிகம். பூச்சுப் பூசாமலும் கதவு பூட்டாமலும் நிற்கும் வீடுகளை இன்றும் காணலாம்.

யாழ்ப்பாணத்திலே வீடென்பது பெண்ணின் உடைமையுமாகும். 1707 ஆம் ஆண்டில் ஒல்லாந்தர் தொகுத்த தேசவழமை, சீதனத்தைப் பற்றி விரிவாகக் கூறுகின்றது. மகளுக்கு வீடும் வளவும் எழுதிக் கொடுத்தல் இன்றும் நிலவும் வழக்கு. கடனோடு கொடுக்கும் வீடு அவளுக்குக் காப்பாகாது. பேர்த்திக்கு வரப்போகும் வீட்டைச் சிறிதாகக் கட்டி முடித்த மூதாட்டி, அவளுக்குக் கடனற்ற ஒரு தொடக்கத்தைக் கொடுத்திருக்கின்றார்.

யாருடைய கதவு?

அவ்வீட்டின் முன்கதவிலே தாமரைப்பூ ஒன்று செதுக்கப்பட்டிருந்தது. பழைய வேலை. அது அவர்கள் வீட்டுக் கதவா என்று வினவினோம். மூதாட்டி சிறிது நேரம் பேசவில்லை.

வலயத்துள் இருந்த வீடுகள் திரும்பக் கிடைத்தபோது, அநேகமானவற்றிற் கதவில்லை, நிலையில்லை, ஓடில்லை. எங்கே போயின, யார் கொண்டு போயினர் என்பது தெரியாது. அவர்கள் வீட்டுக் கதவும் அவ்வாறே மறைந்தது. பழம்பொருட் கடை ஒன்றிலே இக்கதவை விலைக்கு வாங்கினார்கள். எந்த ஊர் வீட்டுக் கதவென்று கடைக்காரருக்கும் தெரியவில்லை.

"ஆரோ ஒரு பிள்ளையின்ரை சீதன வீட்டுக் கதவா இருக்கும், தம்பி. காசு குடுத்துத்தான் வாங்கினனாங்கள். எண்டாலும், உரியவை வந்து அடையாளஞ் சொன்னால் கழட்டிக் குடுத்துவிடுவன்" என்றார்.

பழைய பொருள்களைக் கொண்டு கட்டுவோர் அனைவரும் சிந்திக்கவேண்டிய செய்தி இதுவாகும். ஒருவர் எறிந்ததை மற்றொருவர் எடுத்தாளல் சிக்கனம். ஒருவரிடமிருந்து பறிக்கப்பட்டதை மற்றொருவர் எடுத்தாளல் வேறு. நல்லூர்க் கந்தசுவாமி கோயிலை 1621 ஆம் ஆண்டிற் போர்த்துக்கேயர் இடித்தனர். அதன் கற்கள் கோட்டை கட்டக் கொண்டு செல்லப்பட்டன என்பது வழிவழியாக வரும் செய்தி. கல்லுக்கு வாயில்லை, ஆயினும் நானூறு ஆண்டு சென்றும் அது யாருடைய கல் என்பதை மக்கள் மறக்கவில்லை. அயல் வளவு ஆளற்றுக் கிடந்தாலும், அங்குள்ள ஓடும் நிலையும் உரியவரைக் கேளாமல் எடுக்கத் தக்கவையல்ல. கடல் கடந்து சென்றவர் ஒருநாள் வருவார். வராவிடினும் அது அவருடையதே.

பிற நாட்டார் கண்ட வழி

அமெரிக்க அறிஞர் தோரோ 1845 ஆம் ஆண்டில் வால்டன் குளக்கரையிலே பத்தடிக்குப் பதினைந்தடி அளவான ஒரு குடிலைக் கட்டினார். புகையிரதப் பாதையில் வேலை செய்த அயர்லாந்துத் தொழிலாளி ஒருவரின் கொட்டிலை 4 டொலர் 25 சதத்துக்கு வாங்கி, அதன் பலகைகளைப் பிரித்தெடுத்தார். ஆயிரம் பழைய செங்கல்லும் பழைய யன்னல்களும் சேர்ந்தன. சட்டம் நிறுத்தும் நாளில் நண்பர்கள் வந்து கைகொடுத்தார்கள். முழுச் செலவு 28 டொலர் 12½ சதம். கேரளத்திலே வாழ்ந்து 2007 ஆம் ஆண்டில் மறைந்த கட்டடக் கலைஞர் லாரி பேக்கரும் இவ்வழியினரே. வீட்டுக்கு வேண்டிய பொருள் ஐந்து மைலுக்குள் கிடைப்பதாக இருக்கவேண்டும் என்று காந்தியடிகள் கூறியதை அவர் வாழ்நாள் முழுவதும் மனத்திற் கொண்டார். பழைய ஓடும் கதவும் அவர் கட்டிய வீடுகளிலே மறுவாழ்வு பெற்றன.

தோரோவுக்குத் தனிமை வேண்டியிருந்தது. ஆகவே சிறிதாகக் கட்டினார். எம்மவர்க்கு ஊருக்குத் திரும்புதல் வேண்டியிருந்தது; ஆகவே சிறிதாகக் கட்டினார்கள். நோக்கம் வேறாயினும் முறை ஒன்றே: கையில் உள்ளதை எண்ணிப் பார்த்து, அதற்குள்ளே வீட்டை வரைதல்.

வீடு கட்ட எண்ணும் இளங் குடும்பத்தினர், வரைபடம் போடுமுன் ஒரு நாள் வீட்டுப் பின்புறத்தைச் சுற்றிப் பார்ப்பாராக. எத்தனை கல், எத்தனை சிலாகை, எத்தனை ஓடு உண்டென்று ஒரு கொப்பியிலே எழுதுவாராக. வேலைக்கு வரக்கூடிய கைகளையும் எண்ணுவாராக. பின்னரே பணத்தை எண்ணுதல் நன்று. இன்னும் வீட்டிலே முதியோர் இருப்பின், அவர் காலத்தில் வீடு வேய்ந்த கதையைக் கேட்டு எழுதி வைத்தல் மாணவர்க்கு நல்லதொரு விடுமுறை வேலையாகும். அக்கதை அறிந்தவர்கள் நாளுக்குநாள் குறைந்து வருகின்றார்கள்.

மயிலிட்டி வீட்டிலே குடிபூரல் நிகழ்ந்து சில மாதங்களாகின்றன. பூச்சு ஒருபுறம் இன்னும் பாக்கியுண்டு. தைக்கு முன் முடித்துவிடுவதாகப் பேர்த்தி கூறினாள். விறாந்தையின் ஓரத்திலே, நிமிர்த்திய ஆணிகள் ஒரு தகரப்பேணி நிறைய மிஞ்சியிருந்தன. அவை கோழிக்கூட்டுக்காம்.