சாளுவன்குப்பத்துச் செங்கற் கோயில்

செங்கற்பட்டின் பெயர் செங்கல்லினால் வந்ததன்று. செங்கழுநீர்ப் பூவினால் வந்தது என்பர். ஆயினும் அவ்வூரிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரக் கடற்கரையை அடைந்த நாங்கள், கண்டு பிரமித்தது செங்கல்லைத்தான்.

ரதங்களையும் கடற்கரைக் கோயிலையும் பற்றி எழுதாதவர் இல்லை. வடக்கே சாளுவன்குப்பத்தில் புலிக்குகையைப் பார்த்ததும் எல்லோரும் வண்டியேறிவிடுகிறார்கள். நாங்கள் இன்னும் சற்று வடக்கே நடந்தோம்.

2004-ஆம் ஆண்டு டிசம்பரில் பொங்கிய ஆழிப்பேரலை அங்கே மணலை வாரிச் செல்ல, பாறையொன்றில் எழுத்துக்கள் வெளிப்பட்டன. அவை ஒரு சுப்பிரமணியர் ஆலயத்தைக் குறித்தன. தொல்பொருள் இலாகாவினர் தோண்டினர். மேலே பல்லவர் காலத்துக் கட்டடம். அதன் அடியில் அதனினும் பழைய செங்கற் கோயில். வடக்கு நோக்கிய வாயில். எதிரே கல்லில் ஒரு வேல்! சங்க காலத்தது என்பது அவர்கள் துணிபு.

செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு எதுவுமின்றிக் கோயில் எடுத்ததாக மகேந்திரவர்மர் மண்டகப்பட்டுக் கல்வெட்டில் பெருமை கொள்கிறார் அல்லவா? அப்பெருமைக்குப் பொருள் இங்கே விளங்குகிறது. அவருக்கு முந்திய கோயில்கள் இப்படித்தான் இருந்திருக்க வேண்டும். மிகப் பல மண்ணோடு மண்ணாயின.

வெண்ணெய் உருண்டைப் பாறையடியில் குழந்தைகளை நிறுத்திப் படம் பிடிக்கும் பெற்றோர், கால்மணி நேரம் இங்கும் அழைத்து வரலாகாதா? உப்புக் காற்றில் செங்கல் பொடியும். சுவரில் கை வைக்க வேண்டாமென்று மட்டும் முன்னதாகச் சொல்லிவைக்க வேண்டும்.