சுமப்பது இறக்கைதான், இன்ஜின் அல்ல

விமானம் எப்படிப் பறக்கிறது என்பதற்குப் பல புத்தகங்களில் ஒரே விளக்கம்தான் இருக்கும். இறக்கையின் மேல்பக்கம் வளைவு, கீழ்ப்பக்கம் தட்டை. முன்னால் பிரிந்த காற்று பின்னால் ஒரே நேரத்தில் போய்ச் சேர வேண்டும். மேலே தூரம் அதிகம், ஆகவே அங்கே காற்று வேகமாக ஓடுகிறது. வேகம் கூடினால் அழுத்தம் குறையும், இறக்கை மேலே எழும். என் பேத்தியின் பாடக் குறிப்பிலும் இதையே பார்த்தேன்.

இது பாதிதான் சரி. மேலே வேகம் கூடுவதும் அழுத்தம் குறைவதும் உண்மை. ஆனால் பிரிந்த காற்று ஒரே நேரத்தில் சேர வேண்டும் என்று எந்த அரசாணையும் கிடையாது! உண்மையில் மேலே போகும் காற்று முந்திக்கொண்டு போய்விடுகிறது. சாகச விமானங்கள் தலைகீழாகவும் பறக்கின்றனவே, அதற்கு இந்த விளக்கத்தில் பதில் ஏது?

பேத்தியைச் சமையலறைக்கு அழைத்துப்போய்க் குழாயைத் திறந்தேன். ஒரு கரண்டியின் காம்பை இரண்டு விரலால் லேசாகப் பிடித்து, அதன் முதுகைத் தண்ணீரில் பட வைத்தேன். தண்ணீர் கரண்டியைத் தள்ளிவிடும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். நடப்பது வேறு. தண்ணீர் அந்த வளைவோடு ஒட்டி, திசை மாறி ஒரு பக்கம் போகிறது. கரண்டி எதிர்ப்பக்கம் இழுக்கப்படுகிறது. இறக்கையும் இப்படித்தான். சற்றே மூக்கைத் தூக்கிய நிலையில் முன்னே போகும்போது, காற்றை வளைத்துக் கீழே அனுப்புகிறது. காற்றைக் கீழே தள்ளினால் காற்று இறக்கையை மேலே தள்ளும். நியூட்டனின் மூன்றாம் விதி. 200 டன் விமானத்தையும் தூக்கி நிறுத்துவது இதுதான்.

நான் இயற்பியல் படித்தது பிரெஞ்சில். அந்த மொழியில் இந்த விசைக்குப் பெயர் 'போர்த்தான்ஸ்'. சுமப்பது என்று பொருள் வரும் சொல். ரயில் நிலையத்தில் நம் பெட்டியைச் சுமந்த போர்ட்டரும் அதே வேரிலிருந்து வந்தவர்தான். இன்னொன்றும் சொல்ல வேண்டும். தரையிறங்கும்போது வேகம் குறைகிறது அல்லவா, அப்போது காற்றை இன்னும் அதிகமாக வளைக்க இறக்கையின் பின்னாலிருந்து பலகைகள் நீண்டு இறங்கும். அவற்றுக்குப் பிரெஞ்சில் 'வொலே'. புதுச்சேரியில் வெள்ளைக்காரத் தெரு வீடுகளின் மரச் சன்னல் கதவுகளுக்கும் அதே பெயர்தான்.

பாரிசில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போகலாம் என்றால் என் மனைவி கேட்கும் கேள்வி ஒன்றே ஒன்று. "ஏங்க, நடு வானத்துல இன்ஜின் நின்னுபோச்சுன்னா?"

நின்றாலும் விமானம் கல் மாதிரி விழாது. இன்ஜினின் வேலை வேகம் கொடுப்பது. சுமப்பது இறக்கை. இன்ஜின் நின்றால் மூக்கைச் சற்றுத் தாழ்த்தி, உயரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகச் செலவழித்து வேகத்தைக் காப்பாற்றலாம். 2001 ஆகஸ்ட் 24 அன்று டொரொண்டோவிலிருந்து லிஸ்பனுக்குப் போன ஏர் டிரான்சாட் ஏர்பஸ் ஏ330 விமானத்தில், எரிபொருள் கசிந்து அட்லாண்டிக் கடலுக்கு மேல் இரண்டு இன்ஜின்களும் நின்றுவிட்டன. 19 நிமிடம், ஏறத்தாழ 120 கிலோமீட்டர் மிதந்தே வந்து அசோர்ஸ் தீவில் இறங்கியது. அதிலிருந்த 306 பேரும் பிழைத்தார்கள்.

இதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் மறுபக்கத்தையும் அவளிடம் சொன்னேன். பாதியை மறைத்துச் சொல்லும் ஆறுதல் நிலைக்காது.

2009 ஜூன் 1. ரியோ டி ஜெனிரோவிலிருந்து பாரிசுக்கு வந்த ஏர் பிரான்ஸ் விமானம். அதுவும் ஏ330தான். நள்ளிரவு, அதே அட்லாண்டிக். வேகம் அளக்கும் குழாய்களைப் பனிப் படிகங்கள் அடைத்துக்கொண்டன. வேகக் காட்டிகள் தாறுமாறாயின, தானியங்கிக் கருவி விலகிக்கொண்டது. துணை விமானி மூக்கை மேலே தூக்கினார். விமானம் சுமார் 38,000 அடிவரை ஏறியது. இறக்கை ஓர் அளவுக்கு மேல் நிமிர்ந்தால் காற்று அதன் முதுகோடு ஒட்டாமல் பிய்த்துக்கொள்ளும். சுமப்பதும் அத்தோடு சரி. இதற்குப் பிரெஞ்சுச் சொல் 'தெக்ரோஷாஜ்', கொக்கி கழன்றுபோவது. மூக்கைத் தாழ்த்தினால் கொக்கி மறுபடி மாட்டிக்கொள்ளும். அன்று தாழ்த்தவில்லை. மூன்றரை நிமிடத்தில் கடலில் விழுந்தது. 228 பேரில் ஒருவரும் மிஞ்சவில்லை. கடைசிவரை இரண்டு இன்ஜின்களும் ஓடிக்கொண்டுதான் இருந்தன.

அவள் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, "மூக்கை இறக்கணும்னு அவங்களுக்குத் தெரியாதா?" என்றாள்.

எல்லா விமானிகளும் படிப்பதுதான். ஆனால் இருட்டு, கண்ணுக்கு அடிவானம் இல்லை, எந்தக் கருவியை நம்புவது என்று தெரியவில்லை. எச்சரிக்கைக் குரலோ விட்டுவிட்டு ஒலிக்கிறது. விழும் உணர்வு வந்தால் மேலே இழுக்கத்தான் கை போகும். விசாரணை அறிக்கை 2012இல் வந்தது. உயரத்தில் பறக்கும்போது விமானத்தைக் கையால் ஓட்டுவதற்கும், இப்படிக் கொக்கி கழலும் நிலையைச் சமாளிப்பதற்கும் விமானிகளுக்குக் கூடுதல் பயிற்சி வேண்டும் என்று அதில் சொல்லியிருந்தார்கள்.

இதையும் அவளிடம் சொன்னேன். மறுநாள் காலை காபியை நீட்டியபடி, மகளிடம் சொல்லி டிக்கெட் போடச் சொன்னாள். சன்னலோர இருக்கை மட்டும் வேண்டாமாம்.