ஓட்டம் நின்ற பிறகு

‘விளையாட்டுப் பிள்ளை’ என்னும் தொடர் தமிழர் இல்லங்களில் பாராட்டாக வழங்குவதில்லை. பொறுப்பறியாதவன், பொழுதை வீணாக்குபவன் என்பதே அதன் பொருள். ‘விளையாட்டு வினையாகும்’ என்னும் பழமொழியும் அதற்குத் துணை நிற்கின்றது. கடல் கடந்து மலாயாவுக்கு வந்த மக்களோடு இவ்வெண்ணமும் வந்து சேர்ந்தது. விடியுமுன் பெரட்டுக்குச் சென்று, மரம் சீவி, பால்வாளி சுமந்த பெற்றோர், தம் பிள்ளையின் கையில் புத்தகத்தைக் காண விரும்பினர். காலில் பந்தைக் காண அஞ்சினர். அவ்வச்சத்தை எளிதில் குறை கூறிவிட இயலாது. தோட்டத்தை விட்டு வெளியேற அவர்கள் கண்ட வழி கல்வி ஒன்றே. அவ்வழியில் செல்ல வேண்டிய பிள்ளை திடலிலேயே நின்றுவிடுவானோ என்று அவர்கள் கலங்கியது இயல்பே.

தோட்டங்கள் பல மறைந்துவிட்டன, அக்கலக்கம் மறையவில்லை. ஈயத்தால் எழுந்து, தைப்பிங்கோடு ஒட்டி வளர்ந்த ஊர் கமுந்திங். மழைக்குப் பெயர் பெற்ற அவ்வட்டாரத்தில், மாலை மழை ஓய்ந்ததும் ஈரத் திடலில் பிள்ளைகள் இறங்குவர். தேர்வு நெருங்கும் காலத்தில் அத்திடல் வெறிச்சோடும். படிப்பா, விளையாட்டா என்னும் வினா எழும்போதெல்லாம் பெரும்பாலான வீடுகளில் விடை முன்னரே முடிவாகியிருக்கும். ஆயினும் கமுந்திங் வழியாகச் செல்லும் அதே இருப்புப்பாதையில், தெற்கே கோல கங்சாரைக் கடந்தால் வரும் சுங்கை சிப்புட்டில் பிறந்த ஒருவர், அவ்வினாவே பிழையானது என்பதைத் தம் வாழ்வால் காட்டினார். அவர்தாம் மணி ஜெகதீசன்.

துன் வீ. தி. சம்பந்தனைத் தந்த ஊர் என்று சுங்கை சிப்புட்டை யாவரும் அறிவர். 1943ஆம் ஆண்டு அவ்வூரில் பிறந்த ஜெகதீசன், பதினாறு வயதிலேயே 1960ஆம் ஆண்டின் ரோமாபுரி ஒலிம்பிக்கில் 400 மீட்டர் ஓட்டத்தில் மலாயாவின் சார்பாகக் களம் இறங்கினார். இரண்டு ஆண்டுகள் கழித்து ஜகார்த்தாவில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியில் 200 மீட்டர் ஓட்டத்தில் தங்கம் வென்றார். 1966ஆம் ஆண்டு பாங்காக்கில் 100 மீட்டர், 200 மீட்டர், நால்வர் ஓடும் 100 மீட்டர் அஞ்சல் ஓட்டம் ஆகிய மூன்றிலும் தங்கம் பெற்றார். நாட்டின் சிறந்த விளையாட்டாளருக்கு வழங்கப்படும் விருது அவ்வாண்டில்தான் தொடங்கியது. முதல் விருது அவருக்கே உரியதாயிற்று.

இவ்வெற்றிகளின் காலம் அவர் மருத்துவம் பயின்ற காலமும் ஆகும். ‘பறக்கும் மருத்துவர்’ என்று மக்கள் அவரை அழைத்தது வெறும் புகழ்ச்சி அன்று. உண்மையைச் சுருக்கி உரைத்த பெயர். 1964ஆம் ஆண்டு தோக்கியோவிலும், 1968ஆம் ஆண்டு மெக்சிகோவிலும் 200 மீட்டர் ஓட்டத்தில் அரையிறுதிவரை சென்றார். மெக்சிகோவில் 20.92 நொடியில் ஓடி முடித்தார். அது காற்று மெலிந்த உயரமான நகர். விரைவோட்டக்காரர்க்கு ஓரளவு துணை செய்யும் இடம். ஆயினும் அந்தத் தேசியச் சாதனை 49 ஆண்டுகள் நிலைத்தது. 2017ஆம் ஆண்டு கைருல் ஹபிஸ் ஜந்தான் என்னும் இளைஞர் 20.90 நொடியில் ஓடி அதனைக் கடந்தார். இடைவெளி ஒரு நொடியின் ஐம்பதில் ஒரு பங்கே.

மெக்சிகோவே ஜெகதீசனின் இறுதி ஒலிம்பிக் ஆயிற்று. அப்போது அவருக்கு இருபத்தைந்து வயது நிறையவில்லை. அந்த வயதில் உலகம் ஒருவரை ‘முன்னாள் வீரர்’ என்று அழைக்கத் தொடங்குமாயின், எஞ்சிய வாழ்நாளை அவர் எவ்வாறு நிரப்புவது? விளையாட்டின் மெய்யான சோதனை இங்கேதான் தொடங்குகின்றது. ஜெகதீசன் நுண்ணுயிரியலைத் தம் துறையாகக் கொண்டார். கோலாலம்பூரில் 1900ஆம் ஆண்டு முதல் இயங்கிவரும் மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் இயக்குநராக உயர்ந்தார். சுகாதாரத் துறையின் துணைத் தலைமை இயக்குநராகவும் பணியாற்றினார். ஆசிய ஒலிம்பிக் மன்றத்தின் மருத்துவக் குழுவுக்குத் தலைமை ஏற்று, ஊக்கமருந்தை ஒழிக்கும் பணியிலும் ஈடுபட்டார். ஓடிய கால்கள் ஓய்ந்த பின்னர், ஓட்டம் நேர்மையாக நடைபெறக் காவல் நின்றார் எனலாம்.

இத்தகைய வாழ்வு மலேசிய மண்ணில் மட்டும் நிகழ்ந்தது அன்று. அயர்லாந்து நாட்டு ரக்பி வரலாற்றில் ஜாக் கைல் என்னும் பெயருக்குத் தனி இடம் உண்டு. ரக்பி என்பது அணிக்குப் பதினைவர் ஆடும் ஆட்டம். முட்டை வடிவப் பந்தைக் கையால் முன்னோக்கி எறிதல் ஆகாது, பக்கவாட்டிலோ பின்னோக்கியோ வழங்க வேண்டும். அவ்வாட்டத்தின் போக்கை முடிவு செய்யும் இடத்தில் நின்றவர் கைல். 1926ஆம் ஆண்டு பெல்பாஸ்டில் பிறந்து, அந்நகரிலேயே மருத்துவம் பயின்றார். 1948ஆம் ஆண்டு இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ், பிரான்சு ஆகிய நான்கு அணிகளையும் அயர்லாந்து வென்றதில் அவர் பங்கு பெரிது. அவ்வெற்றி மீண்டும் கிட்ட 2009ஆம் ஆண்டுவரை அந்நாடு காத்திருந்தது. 1958ஆம் ஆண்டுவரை அவர் தம் நாட்டுக்காக 46 ஆட்டங்கள் ஆடினார்.

ஆட்டம் முடிந்ததும் கைல் புகழைத் தேடிச் செல்லவில்லை. பேராக்குக் கரைக்கு எதிரே உள்ள சுமத்திராவில் சில காலம் மருத்துவப் பணி செய்தார். பின்னர் 1966ஆம் ஆண்டு ஆப்பிரிக்காவின் சாம்பியாவுக்குச் சென்று, சிங்கோலா என்னும் ஊரில் 2000ஆம் ஆண்டுவரை அறுவை மருத்துவராக விளங்கினார். கமுந்திங் ஈயத்தால் எழுந்த ஊர். சிங்கோலா செம்பால் எழுந்த ஊர். அச்சுரங்க நகரத்து நோயாளிகளுக்கு அவருடைய ஆட்டத்தால் ஆவது ஒன்றுமில்லை. அவருடைய கைத்திறனே வேண்டியிருந்தது. 2014ஆம் ஆண்டு அவர் மறைந்தார்.

இவ்விருவர் காலத்தில் ஒலிம்பிக் ஓட்டமும் ரக்பியும் ஊதியமில்லா விளையாட்டுகள். வயிற்றுப்பாட்டுக்கு வேறு தொழில் இன்றியமையாததாயிற்று. 1995ஆம் ஆண்டு ரக்பி ஊதியம் பெறும் ஆட்டமாக மாறியது. இன்று திறமை மிக்க இளைஞர் ஆட்டத்தையே தொழிலாகக் கொள்ள இயலும். அதனால் பெற்ற நன்மை பெரிது. ஆனால் உடல் முப்பத்தைந்து வயதுக்குள் ஓய்வு கேட்கும் என்னும் உண்மையை எந்த ஊதியமும் மாற்றவில்லை.

இதனைக் கொண்டு, ‘மருத்துவராக இயலுமாயின் ஓடலாம்’ என்று பிள்ளைகளுக்கு விதி வகுப்பது தவறாகும். தாப்பாவில் பிறந்த மு. ராஜாமணி, 1966ஆம் ஆண்டு பாங்காக்கில் 400 மீட்டர் ஓட்டத்தில் தங்கம் வென்றார். நாட்டின் முதல் சிறந்த விளையாட்டு வீராங்கனை என்ற சிறப்பும் அவரைச் சேர்ந்தது. அவருடைய ஓட்டத்துக்கு வேறொரு பட்டம் வந்து பெருமை சேர்க்க வேண்டுவதில்லை. மேலும், திறமை இருந்தும் திடல் இல்லாமல், பயிற்றுவார் இல்லாமல், ஆரம்பப் பள்ளியோடு நின்றுபோன தோட்டத்துப் பிள்ளைகள் எத்தனையோ பேர். அவர்களுள் யார் எவ்வளவு விரைவாக ஓடியிருப்பார் என்பதை எந்த நொடிமானியும் அளந்ததில்லை.

ஆகவே ஆசிரியர் கவனிக்க வேண்டியது வேறு. குறித்த நேரத்தில் எழுதல், தோல்வியை ஏற்றல், ஒரே செயலைச் சலிப்பின்றித் திரும்பத் திரும்பச் செய்தல் ஆகிய இவை திடலுக்கும் நூலுக்கும் பொதுவான பழக்கங்கள். ஓரிடத்தில் இவற்றைக் கற்ற பிள்ளைக்கு மற்றோரிடம் அயலூர் அன்று. தேர்வு நெருங்கியதும் ஓடுபவனைத் தடுத்து நிறுத்துதல் எளிது. பந்தயம் நெருங்கியதும் அவனுடைய வீட்டுப்பாடத்தைக் கண்டும் காணாமல் விடுதல் அதைவிட எளிது. இரண்டும் ஒரே பிள்ளையைப் பாதியாக்கும் செயல்கள். ஓட்டம் ஒருநாள் நிற்கத்தான் போகின்றது. அந்நாளில் அவன் வெறுங்கையோடு நில்லாதிருக்க வேண்டுமானால், ஓடும் காலத்திலேயே அவனுக்கு இரு வழிகளும் திறந்திருக்க வேண்டும்.